சும்மா உட்கார ஒரு கரை

கடலுக்கு எதுக்குப் போற என்று கேட்டால் “சும்மா” என்று பதில் சொல்லும் உரிமை வட சென்னைக்காரனுக்கு இன்னும் வரவில்லை. மீன் பிடிக்கப் போகலாம். வலை காயப்போடப் போகலாம். எண்ணெய் கசிந்தால் வாளியோடு போகலாம். அம்மோனியா கசிந்தால் கரையை விட்டு ஓடலாம். மறியலுக்குப் போகலாம், ஆவணப்படம் எடுக்க வருபவர்களுக்கு வழி காட்டப் போகலாம். பாயை விரித்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளைகளை அலையில் விட்டுவிட்டு, ஒரு பகல் முழுக்க எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்க மட்டும் முடியாது. இதை ஒரு இழப்பு என்று யாரும் எழுதிவைப்பதுகூட இல்லை. எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நான் விம்கோ நகர்க்காரன். எங்கள் ஊரின் பெயரே ஒரு கம்பெனியின் சுருக்கம்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, தீப்பெட்டி செய்தவர்கள். அந்தப் பக்கம் அசோக் லேலண்ட், இந்தப் பக்கம் எம்.ஆர்.எஃப், ராயல் என்ஃபீல்டு பிறந்த பழைய ஆலை, பின்னால் மணலியின் புகைபோக்கிகள். உழைப்பதற்காகப் பெயர் வைக்கப்பட்ட ஊர். சில வருடங்களாக எனக்கு வேலை சிங்கப்பூரில்.

மே ஒன்று

சிங்கப்பூரில் மே தினம் பொது விடுமுறை. எங்கள் சர்ச்சின் தமிழ்ச் சபை நண்பர்கள் அன்றைக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போவது வழக்கம். அடுப்பு உள்ள இடத்தை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கரைக்கு டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. காலையில் ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. நாசரேத்து அண்ணன் ஒருவர் மசாலா தடவிய கோழியை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்திருந்தார். நாகர்கோவில் அக்கா ஒருவர் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும். ஷிப்யார்டில் வேலை செய்யும் பையன்கள் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்கள் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார்கள். தூரத்தில் வரிசையாக நங்கூரம் போட்ட கப்பல்கள். கப்பல் எனக்குப் புதுசில்லை; எண்ணூர்ப் பக்கமும் அப்படித்தான் நிற்கும். கப்பலுக்கும் எனக்கும் நடுவில் மணல் இருந்ததுதான் புதுசு.

சாப்பிட்டு முடித்துக் கால் நீட்டியிருந்தபோது அண்ணன் சொன்னார்: “தம்பி, நம்ம ஊர்ல இப்படி ஒரு கடற்கரைய வச்சிருக்க முடியுமா? நம்ம ஜனங்களுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. கர்த்தர் நம்மள இங்க கொண்டாந்து வச்சிருக்காரு பாத்தியா, அதான் கிருபை.”

அன்று ராத்திரி பள்ளித் தோழன் ஒருவனுக்குப் படம் அனுப்பினேன். எர்ணாவூரிலிருந்து குரல் செய்தி வந்தது: “இன்னா மச்சான், ஃபாரின் கடலு ஜோரா கீதா? நாங்க இங்க கல்லு மேல குந்தினு டீசல் வாசனை புடிச்சினு கீறோம். நீ என்ஜாய் பண்ணு, பண்ணு.”

ஒருவருக்கு என் சந்தோஷம் ஆசீர்வாதம். இன்னொருவனுக்கு அது கிட்டத்தட்ட துரோகம். இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை உண்டு. கடற்கரையில் ஒரு நாள் என்பதை வாழ்க்கையின் மேல் வைக்கும் இனிப்பாக, கொடுத்துவைத்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதலாக, இருவருமே பார்க்கிறார்கள். நான் அதை அரிசி, தண்ணீர், பஸ் மாதிரி ஒரு ஊருக்குச் சேர வேண்டிய பொருளாகப் பார்க்கிறேன்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது சென்னைக் கடற்கரை மணலில். அவர் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் இஷ்டத்துக்கு என்பது உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பழைய கோரிக்கை. முதல் எட்டைப் பற்றி நூறு வருடமாகப் பேசிவிட்டோம். மூன்றாவது எட்டைப் பற்றிப் பேசவே கூச்சம். அந்த எட்டு மணி நேரத்தை எங்கே போய்க் கழிப்பது? அதற்கு ஒரு இடம் வேண்டாமா? சிங்காரவேலர் கூட்டம் போட்ட மணலுக்கு வடக்கே, துறைமுகத்தைத் தாண்டியதும், அந்த இடம் தீர்ந்துபோய்விட்டது. எப்படித் தீர்ந்தது என்பதில்தான் அண்ணனுக்கான பதில் இருக்கிறது.

மணலின் கணக்கு

முதலில், நாங்கள் உட்கார்ந்திருந்த கரையை யாரும் கிருபையாகப் பெறவில்லை. அது கட்டப்பட்டது. 1966-ல் சிங்கப்பூர் தன் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியது. பெடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி மண்ணைக் கடலில் கொட்டி நிலத்தை நீட்டினார்கள். அந்த நீட்டலின் மேல்தான் சுமார் 15 கிலோமீட்டர் நீளப் பூங்கா. ஒரு அரசாங்கம், புதிதாக உண்டாக்கிய நிலத்தின் கடலோர விளிம்பைப் பொதுஜனம் சும்மா உட்காரட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது. அது அரசியல் முடிவு. அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கரையில் இருந்த மலாய் மீனவர்களின் கம்பங்கள் கடலை இழந்தன. பின்னாளில் தீவை இன்னும் பெரிதாக்க இந்தோனேசியாவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் மணல் வந்தது. 2007-ல் இந்தோனேசியாவும் 2017-ல் கம்போடியாவும் அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டன. சிங்கப்பூர் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கரை என்பது யாரோ முடிவெடுத்து உண்டாக்குவது, அல்லது யாரோ முடிவெடுத்து இல்லாமலாக்குவது என்று சொல்கிறேன்.

சென்னையில் நடந்தது இரண்டாவது. வங்காள விரிகுடாவில் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருடக் கடைசியில் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களில் மதராஸ் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த ஓட்டம் அடைபட்டது. வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்கே குவிந்தது. குவிந்த மணலின் ஓரத்தில் 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். சுவரின் வடக்கே ராயபுரம் கரைய ஆரம்பித்தது. பிறகு காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று அரிப்பு மேலே மேலே ஏறியது. தெருக்கள் போயின, தென்னைகள் போயின. கடைசியில் ரோட்டைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள்.

அதாவது மெரினாவில் நீங்கள் சுண்டல் சாப்பிடும் மணலில் ஒரு பங்கு எங்களுக்கு வர வேண்டியது. இதை யார் மீதும் கோபமாகச் சொல்லவில்லை. மெரினாவும் எங்கள் ஊர்தான். ஆனால் ஒரே சுவர் ஒரு பக்கம் உலகப் புகழ்பெற்ற கடற்கரையையும் இன்னொரு பக்கம் கருங்கல் குவியலையும் உண்டாக்கியது என்பது இந்த நகரத்தின் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய விஷயம். அது இல்லாததால்தான் நாசரேத்து அண்ணன் மாதிரி நல்ல மனிதர்கள்கூட “நம்ம ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது” என்று முடித்துவிடுகிறார்கள்.

சுத்தம் தெரியாத அதே ஜனங்கள்தான் அங்கே கூட்டிப் பெருக்குகிறார்கள். மே ஒன்று காலையில் நாங்கள் பாய் விரிக்கும் முன்பே அந்தப் புல்வெளியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அறந்தாங்கி. அவருக்கு அன்று விடுமுறை இல்லை. அவருக்கு மரபணுவிலேயே சுத்தம் வராது என்றால் அந்தக் கரை எப்படிப் பளபளக்கிறது? ஆளும் கருவியும் சம்பளமும் மேற்பார்வையும் கொடுத்தால் அறந்தாங்கிக்காரர் சிங்கப்பூரைத் துடைத்துவைப்பார். திருவொற்றியூரைத் துடைக்க அவருக்கு யார் எதைக் கொடுத்தார்கள்?

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தது. எங்களுக்குப் பெருமைதான். கடல் அந்த ஸ்டேஷனுக்கு நடை தூரம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக விரும்பும் குடும்பம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து மெரினா போகிறது. கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கடலைப் பார்க்க டிக்கெட் எடுத்து ரயில் ஏறுகிறார்கள்.

இரண்டு எண்ணெய்க் கசிவுகள்

“சிங்கப்பூரையும் எண்ணூரையும் ஒப்பிடாதே” என்று சொல்வார்கள் என்று தெரியும். நான் ஒப்பிடவில்லை, வரலாறே ஒப்பிட்டுக் கொடுத்துவிட்டது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு கரைகளிலும் எண்ணெய் ஒதுங்கியது.

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். மணலியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையைச் சுட்டியது, பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆனால் ஆரம்ப நாட்களில் கழிமுகத்தில் இறங்கி எண்ணெயை மொண்டவர்கள் மீனவர்கள். கையில் வாளி, மக். இது முதல் தடவையும் இல்லை. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதியபோதும் முதலில் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றார்கள். பிறகு நாள் கணக்கில் வாளியால் அள்ளினோம். வாளி எங்கள் பேரிடர் மேலாண்மைக் கருவி.

2024 ஜூன் 14, சிங்கப்பூர். பாசிர் பாஞ்சாங் முனையத்தில் வோக்ஸ் மாக்ஸிமா என்ற தூர்வாரும் கப்பல், நின்றுகொண்டிருந்த மரைன் ஹானர் என்ற எண்ணெய்க் கப்பலை இடித்தது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில். செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கும் கறுத்தன. கரைகளை மூடினார்கள். பாதுகாப்பு உடை போட்ட நூற்றுக்கணக்கானோர் இறங்கினார்கள். மணலைச் சலித்து, கழுவி, சோதித்து, துண்டு துண்டாகத் திறந்தார்கள். நாங்கள் கோழி சுட்டுச் சாப்பிட்டது அந்தக் கரையில்தான்.

இங்கே பணத்தையோ தொழில்நுட்பத்தையோ தாண்டி ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிங்கப்பூரில் எண்ணெய் ஒதுங்கியதும் ஊரே கேட்ட கேள்விகளில் ஒன்று: “எப்போ மறுபடி பீச்சுக்குப் போகலாம்?” குளிக்கலாமா, மண்ணில் விளையாடலாமா, எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அரசு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. எண்ணூரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. எங்களுக்கே தோன்றவில்லை. கேள்வி இல்லாத இடத்தில் பதில் சொல்ல எந்த அதிகாரி வருவார்?

அதே டிசம்பரில், சுனாமி நினைவு நாளான 26-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்துக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடல் காற்று என்றால் மற்ற ஊரில் ஜன்னலைத் திறப்பார்கள். எங்கள் ஊரில் அன்றிலிருந்து, காற்று கொஞ்சம் காரமாக வந்தாலும் ஜன்னலை மூடுகிறார்கள்.

வாழ்வாதாரம் என்கிற ஒற்றைச் சொல்

எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. இந்தத் தொகை போதாது என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், சரியாகவே சொன்னார்கள். நான் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறேன். படகு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. கரை இல்லை. கரைக்கு என்ன ஆனது, அதை யார் எப்போது பழையபடி திருப்பித் தருவார்கள் என்று நிவாரணக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதில் அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்துப் போராட்ட மொழியும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறது. மனு என்றால் ‘வாழ்வாதாரம்’. பேட்டி என்றால் ‘வாழ்வாதாரம்’. மீனவன் என்றால் வலை, தொழிலாளி என்றால் கூலி, குழந்தை என்றால் மூச்சிரைப்பு. எல்லாம் உண்மை. ஆனால் அதை மட்டுமே பேசிப் பேசி, நாங்கள் உழைப்பதற்கும் நோய்ப்படுவதற்கும் மட்டுமே கடலோரம் பிறந்தவர்கள் என்ற நினைப்பை நாங்களே உறுதிப்படுத்திவிட்டோம். பணக்காரனின் கடலுக்கு அழகு உண்டு, எங்கள் கடலுக்குப் பயன் மட்டும்தான் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டோம்.

என் அம்மா ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவர். வீட்டிலிருந்து கடல் நான்கு தெரு. அவர் கடலுக்குப் போன தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுனாமிக்கு மறுநாள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனது அதில் ஒன்று. போன வருடம் என்னைப் பார்க்க வந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கூட்டிப்போனேன். மூன்று மணிக்கு உட்கார்ந்தவர் ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. முதலில் சொன்னது: “இங்க நாத்தமே அடிக்கலடா.” வெகுநேரம் கழித்து: “வூட்டாண்ட இத்தினி வருசமா கடல் இருந்துச்சி. ஒரு நாளும் இந்த மாதிரி குந்துனதில்ல.” அழவெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த வாக்கியத்தை எந்த மனுவில் எழுதுவது என்று தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வருடத்தின் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எந்தப் படிவத்தில், எந்தப் பத்தியில் வரும்?

இலக்கியம் வாசிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வட சென்னை நம் கதைகளில் எப்படி இருக்கிறது? ‘வட சென்னை’யில் கேரமும் கத்தியும். ‘சார்பட்டா பரம்பரை’யில் குத்துச்சண்டை. 2017-ல் டி.எம். கிருஷ்ணா போரம்போக்குப் பாட்டை எண்ணூரின் சாம்பலுக்கும் புகைக்கும் நடுவே நின்று பாடினார். அந்தப் பாட்டு தேவையானது, அந்தப் படங்கள் எனக்குப் பிடித்தவை. ஆனாலும் எங்கள் ஊரில் ஒருவன் சும்மா இருக்கும் காட்சியை நான் படித்ததும் பார்த்ததும் மிகக் குறைவு. அவன் எப்போதும் அடிக்கிறான், அடிபடுகிறான், இருமுகிறான், இறக்கிறான்.

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. கதை தெரிந்ததுதான்: கடல் வணிகம் செய்து சேர்த்ததையெல்லாம் உதறிவிட்டு வந்த மனிதர், கடைசியில் எங்கள் மணலில் சிறுவர்களோடு விளையாடுகிறார். தன்னை மூடச் சொல்லி ஒளிந்து, வேறு இடத்திலிருந்து எழுந்து வந்து பையன்களைச் சிரிக்கவைக்கிறார். அந்த விளையாட்டிலேயே மறைந்துபோகிறார். எங்கள் கரையின் மிகப் பழைய கதைகளில் ஒன்று, மணலில் விளையாடிய கதை. ‘சும்மா இரு’ என்பதை ஞானத்தின் உச்சி என்று கொண்டாடும் மொழி நம்முடையது. அதே மொழியில் சும்மா உட்கார்ந்திருக்கும் குப்பத்துப் பையனுக்கு மட்டும் ‘வெட்டிப் பய’ என்று பெயர்.

யாருடைய பீச்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். “பீச் என்று ஆரம்பித்தால் முதலில் மீனவனைத்தான் விரட்டுவார்கள்.” உண்மை. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் கடைகளை அகற்ற மாநகராட்சி இறங்கியதையும், மீனவர்கள் மறியலில் உட்கார்ந்ததையும் பார்த்தோம். நடைப்பயிற்சிக்காரர்களின் மூக்குக்காக மீன்காரியின் கூடையைத் தூக்கும் ஓய்வு எனக்கு வேண்டாம். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் காசிமேட்டுக் கரையை அழகுபடுத்தும் வேலை வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் டைல்ஸ் பதித்து, பெயர்ப் பலகையில் விளக்கு எரியவிட்டு, செல்ஃபி எடுக்க ஒரு மேடை கட்டினால் அது கரை ஆகாது. பின்னால் கழிவுநீர் வாய் திறந்திருக்க, முன்னால் விளக்கு எரிவது கேலி.

நான் கேட்பது மீனவனுக்கும் மீன்காரிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு ஓய்வுநாள். வலை உலரும் மணலும் பிள்ளைகள் புரளும் மணலும் ஒன்றாக இருக்க முடியும், இருந்திருக்கிறது. காசிமேட்டில் ‘என் ஃபோர் பீச்’ என்று பெயர் வைத்துக்கொண்டு பையன்கள் சாயங்காலம் கல் மேல் உட்கார்ந்து சூரிய வெளிச்சம் மங்குவதைப் பார்க்கிறார்களே, யார் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள்? பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன் எண்ணையே கடற்கரைக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள். கரைக்கான ஆசை எங்களுக்கு எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

“முதலில் பசி, பிறகு பீச்” என்பவர்களுக்கு: வரலாறு அந்த வரிசையில் நடக்கவில்லை. 1936-ல் பிரான்ஸில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு வந்த சட்டம் தொழிலாளிக்கு வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. ரயில் கட்டணத்தையும் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். தங்கள் கரையில் தொழிலாளித் தொப்பிகளைப் பார்த்த பணக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் வாழும் டர்பனில், கடற்கரைகூட நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தது. 1989-ல் கறுப்பர்களும் இந்தியர்களும் வெள்ளையர் கரைக்குள் திரண்டு இறங்கினார்கள். அந்த நவம்பரில் கரைகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. அவர்களுக்குப் பசி தீர்ந்துவிட்டதால் கடலில் கால் நனைக்கப் போராடினார்களா? கரையில் உட்கார விடாதவன் நம்மை முழு மனிதனாக எண்ணவில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

சிங்கப்பூரிலும் இது புரிய எனக்கு ஒரு காலம் வாய்த்தது. கொரோனா நாட்களில் ஊர் முழுக்கத் திறந்த பிறகும் டார்மிட்டரி தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே விடப்படவில்லை. பூங்காக்களில் ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், பூங்காவைக் கட்டியவர்கள் உள்ளே இருந்தார்கள். எந்த ஊராக இருந்தாலும், ஒரு மனிதனை வெறும் உழைப்பாக எண்ணும்போது முதலில் பிடுங்குவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

கரியடுப்பு

கடைசியாக, கிருபை என்று சொன்ன அண்ணனுக்கும் சபைக்கும். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை நாம் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். உயிர்த்தெழுந்தவர் அரண்மனைக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் திரும்பும் மீன்பிடிக்காரர்களுக்காகக் கரையில் கரியடுப்பு மூட்டி, மீனைச் சுட்டு, அப்பம் வைத்து, சாப்பிடக் கூப்பிடுகிறார். வலையும் நிறைகிறது, கரையில் சாப்பாடும் நடக்கிறது. வாழ்வாதாரமும் ஓய்வும் ஒரே மணலில். அதைப் படித்துவிட்டு, சுத்தமான கரை நமக்கு மட்டும் கிடைத்த ஆசீர்வாதம் என்று எப்படி ஜெபிப்பது? எண்ணூரில் அதே அடுப்பை மூட்டக் கரை எங்கே என்று கேட்பதுதான் அந்த வசனத்துக்கு ஒழுங்கான விளக்கவுரை.

எர்ணாவூர் நண்பனுக்கும் ஒரு வார்த்தை. மச்சான், நான் இங்கே கால் நீட்டி உட்கார்ந்ததற்கு வெட்கப்பட மாட்டேன். சந்தோஷத்தைக் குற்றவுணர்ச்சியாக மாற்றினால் அதனால் யாருக்கும் மணல் கிடைக்காது. ருசி தெரிந்தவன்தான் பந்தியில் இலை இல்லாதபோது சண்டை போடுவான்.

சண்டைக்கான பொருளும் நம் கையில் இருக்கிறது. ‘போன மணல் வராது’ என்பது பொய். 1980-களில் கட்டிய துறைமுகச் சுவரால் கரையை இழந்த புதுச்சேரியில், 2018-ல் நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் தடுப்பு அமைத்து காந்தி சிலைப் பக்கம் மணலை மறுபடி சேரவைத்தது. ஆக, வழி தெரியும். தெற்கே தேங்கும் மணலை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைத் துறைமுகங்களிடம் கேட்கலாம். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்க்கும் மீனவர்கள் அரிப்பைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம், இன்னொரு சுவர் எழும் முன்பே. ஆலைகளின் கழிவு வாய்களை மூடச் சொல்லலாம். அடுத்த நிவாரணப் பட்டியலில், படகுக்கும் வலைக்கும் கீழே, ‘பொதுக் கரை’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கிக் கிழக்கே நடங்கள். ஒரு பாய், கொஞ்சம் சாப்பாடு, கூட இரண்டு பேர். கல்லைத் தாண்டி, தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கும். படகு ஏற்றவே அது போதாது. மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு ஓரமாக விரித்துப் பாருங்கள். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை எழுதுங்கள்.